பில்லிங் கவுன்ட்டரில் இருப்பவருக்கு எதற்கு ஊசி?

கேள்வி:

அக்கா, எனக்கு 28 வயது. திண்டுக்கல் பக்கம் ஐம்பது படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். காலையில் ரிசப்ஷன், மதியத்துக்கு மேல் பில்லிங். ஏழு வாரம் முன்பு ஒரு டிஸ்சார்ஜ் ஃபைலைப் பிரித்தபோது உள்ளே இருந்த ஊசி ஆள்காட்டி விரலில் குத்திவிட்டது. ரத்தத்தைப் பிதுக்கி எடுத்து, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் நர்ஸ்களுக்கெல்லாம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டார்கள். எனக்கும் போடுங்கள் என்று கேட்டதற்கு, "நீ என்ன ஊசியா போடுற? கம்ப்யூட்டர் முன்னாடிதானே உட்கார்ந்திருக்க" என்று எச்.ஆர். சிரித்துவிட்டார். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இரண்டு மாதம் முன்பு இருமிக்கொண்டே வந்து பதிவு செய்த ஒருவருக்கு டிபி என்று பிறகு தெரிந்தது. வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன, மவுஸ் பிடிப்பதாலா? போன மாதம் ஒரு நோயாளியின் தம்பி கவுன்ட்டர் கண்ணாடியைக் குத்தி உடைத்தார். அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ள நினைத்திருக்கிறோம். சம்பளம் 14,500. இந்த வேலையில் இருக்கலாமா, விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

தங்கச்சி, முதலில் ஊசி விஷயத்தை முடித்துவிடுவோம். தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

அது எப்படி ஃபைலுக்குள் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேல் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக வார்டு வார்டாகச் சுற்றியவள் என்ற முறையில் என்னால் ஊகிக்க முடிகிறது. ராத்திரி ட்யூட்டியில் ஸ்டேப்ளர் கிடைக்காது. கிடைத்தாலும் பின் இருக்காது. லேப் ரிப்போர்ட்டைக் கேஸ் ஷீட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். ட்ரேயில் ஒரு ஊசி இருக்கும். இரண்டு காகிதத்தையும் சேர்த்து அதனால் ஒரு குத்து, அவ்வளவுதான். அந்த ஊசி பெரும்பாலும் புதிதாகத்தான் இருக்கும். இன்னொரு வழியும் உண்டு: சர்க்கரை பார்க்க விரல் நுனியில் குத்தும் குட்டி லான்செட், படுக்கைமேல் விரித்து வைத்த ஃபைலின் மடிப்புக்குள் விழுந்துவிடும். அது புதியதல்ல.

உங்களைக் குத்தியது எது என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. எனவே பயன்படுத்திய ஊசி என்றே வைத்துக்கொண்டு நடவடிக்கை எடுக்க வேண்டும். அதற்காக நோய் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டாம். கணக்கைப் பாருங்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி ஆயிரம் பேரைக் குத்தினால் சுமார் மூன்று பேருக்குத்தான் தொற்று வரும். ஹெபடைடிஸ் சி என்றால் நூற்றில் இரண்டு பேருக்கும் குறைவு. ஹெபடைடிஸ் பி மட்டும் வேறு கதை. தடுப்பூசி போடாத ஒருவரை, கிருமி அதிகமாக உள்ள நோயாளியின் ஊசி குத்தினால் நூற்றில் முப்பது பேர் வரைக்கும் தொற்று வரலாம். அந்தக் கிருமி காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் உயிரோடு இருக்கும். இந்த மூன்றில் தடுப்பூசி உள்ளது அதற்கு ஒன்றுக்குத்தான். அந்த ஊசியைக் கேட்டபோதுதான் உங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாவட்ட அரசு மருத்துவமனையிலோ பக்கத்து அரசு மருத்துவமனையிலோ நம்பிக்கை மையம் இருக்கும். அங்கே எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள். ஏழு வாரம் ஆகிவிட்டதால் இப்போது எடுக்கும் முடிவுக்கே நல்ல மதிப்பு உண்டு. மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் மறுபடி எடுத்தால் முழுதாக மறந்துவிடலாம். கூடவே ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ரத்தம் கொடுங்கள். பி-க்கு, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் எச்பிஎஸ்ஏஜி மட்டும் போதாது, எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ஆன்டி எச்பிஎஸ் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். சிறு வயதில் தடுப்பூசி போட்டிருந்தால் அதில் தெரியக்கூடும். ரத்தம் கொடுத்த அன்றே தடுப்பூசியின் முதல் டோஸையும் போட்டுக்கொள்ளுங்கள். முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது டோஸ் ஒரு மாதம் கழித்து, மூன்றாவது ஆறாம் மாதம். மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி எச்பிஎஸ் மறுபடி பார்த்து, அளவு 10-க்கு மேல் இருந்தால் அந்தக் கவலையை விட்டுவிடலாம். டெட்டனஸ் ஊசி போட்டுப் பல வருடம் ஆகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனைகள் முடியும் வரை ரத்த தானம் வேண்டாம். வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, அதுவரை ஆணுறை பயன்படுத்துங்கள். குழந்தைக்கான முயற்சியையும் அதுவரை தள்ளி வையுங்கள். ஒருவேளை ஹெபடைடிஸ் சி என்றே வந்தாலும் பெரும்பாலானோரை மூன்று மாத மாத்திரையில் முழுதாகக் குணப்படுத்திவிட முடிகிறது. 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அந்த மருந்து இலவசம்.

இன்னொன்று. எந்த ஃபைல் என்று நினைவிருக்கிறதா? அறுவை சிகிச்சைக்கு வந்த நோயாளி என்றால் ஆபரேஷனுக்கு முன் எடுத்த இந்த மூன்று பரிசோதனைகளின் முடிவும் அதே ஃபைலில்தான் இருக்கும். விடை உங்கள் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஆனால் நீங்களே போய்ப் புரட்டாதீர்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா இல்லையா என்பதை 2017-ஆம் வருடச் சட்டம் ரகசியமாகப் பாதுகாக்கிறது. தொற்றுக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான டாக்டரிடம் தேதியைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு மேற்கொண்டு என்ன பரிசோதனை தேவை என்பதை மட்டும் அவர் சொன்னால் போதும்.

இனி ஒரு தடவை குத்தினால் பிதுக்காதீர்கள். நம்மில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறோம், மீதிப் பேர் விரலை வாயில் வைத்துவிடுகிறோம். இரண்டும் தப்பு. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். டெட்டால், ஸ்பிரிட் எதுவும் ஊற்ற வேண்டாம். கழுவிய கையோடு கேஷுவாலிட்டிக்குப் போய்ச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது மிக நல்லது. 72 மணி நேரம் தாண்டிவிட்டால் பயன் இல்லை. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். பில் போடும் அவசரத்தில் நீங்கள் தவறவிட்டது அந்த 72 மணி நேரத்தைத்தான். கடிந்துகொள்வதற்காகச் சொல்லவில்லை. அப்படி ஒரு கெடு இருப்பதை ஆறு வருடத்தில் உங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இதில் எனக்கும் பங்கு உண்டு. பல வருடம் நானே பயிற்சி வகுப்பு எடுத்திருக்கிறேன். நர்ஸ்கள் வருவார்கள், லேப் ஆட்கள் வருவார்கள், ஹவுஸ்கீப்பிங் ஆட்களையும் உட்கார வைப்போம். ரிசப்ஷன், பில்லிங், ரெக்கார்ட்ஸ், இன்சூரன்ஸ் டெஸ்க் ஆட்களைக் கூப்பிடத் தோன்றியதே இல்லை. அவர்கள் ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பவர்கள் என்று ஒரு நினைப்பு. ஒரு நாள் ஏதோ பில் சந்தேகத்துக்காகக் கவுன்ட்டருக்கு உள்பக்கம் போய் ஒரு முக்காலியில் உட்கார வேண்டி வந்தது. ஒரு மணி நேரம் இருந்திருப்பேன். மூடி சரியாக மூடாத சிறுநீர் பாட்டில் ஒன்றைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளி, "இதை எங்கம்மா குடுக்கணும்?" என்றார் ஒரு பெரியவர். ஒரு பெண் ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்த நனைந்த ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். கையில் சுற்றிய துணி ரத்தத்தில் ஊற, ஒரு பையன் அந்தக் கையாலேயே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். பில்லிங் பெண் அந்தப் பேனாவின் பின்புறத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு அடுத்த டோக்கனைப் பார்த்தாள். அம்மை போட்ட குழந்தை ஒன்று கவுன்ட்டர் மேலேயே உட்கார்ந்திருந்தது. இதில் ஒன்றையாவது வார்டில் நடக்க விடுவேனா நான்?

வார்டுக்கு வரும் நோயாளிக்கு என்ன என்று நர்ஸுக்குத் தெரியும். டிபி என்றால் தனி அறை, அம்மை என்றால் வாசலில் போர்டு. அந்த நோய்க்கு இன்னும் பெயர் வைக்காத நேரத்தில், முதலில் முகம் கொடுப்பவர் நீங்கள். பெயர், வயது, ஊர், போன் நம்பர் கேட்டு எழுதும் ஐந்து நிமிடமும் அவர் உங்கள் முகத்துக்கு ஒன்றரை அடி தூரத்தில் இருக்கிறார். உங்கள் எச்.ஆர். சிரித்ததற்கு என் பதில் இதுதான். அடுத்த முறை அவரிடம் இப்படியே சொல்லுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 2016-ஆம் வருட உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவைக் கையாள நேரும் ஊழியர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டியது மருத்துவமனையின் கடமை. வேலையில் சேரும்போதும் பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவதும் உடல் பரிசோதனையும் பயிற்சியும் தர வேண்டும். "நீங்கள் கழிவைத் தொடுவதில்லையே" என்பார்கள். வெள்ளை டப்பாவில் விழுந்திருக்க வேண்டிய ஊசி என் ஃபைலில் இருந்ததே சார் என்று காட்ட உங்களிடம் ஒரு விரல் இருக்கிறது. ஒரு டோஸின் விலை சில நூறு ரூபாய்தான். ஒருவரின் ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டாத செலவுக்கு எதற்கு இத்தனை சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை.

சரி, டிபி. அந்த ஒருவர் உங்கள் முன் நின்ற சில நிமிடத்தில் தொற்றியிருக்க வாய்ப்பு குறைவு. நீண்ட நேரம் ஒரே அறைக் காற்றைப் பகிர்ந்துகொள்வதில்தான் டிபி பரவுகிறது. தொற்றினாலும் பத்தில் ஒன்பது பேருக்கு அது நோயாக மாறுவதே இல்லை. சர்க்கரை போன்ற நோய்கள் இருந்தால் வாய்ப்பு கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், காரணம் இல்லாமல் எடை குறைவது, ராத்திரி வியர்வை: இவற்றில் எது வந்தாலும் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். எதுவும் இல்லை என்றால் அந்த ஒருவரை மறந்துவிடுங்கள்.

நீங்கள் யோசிக்க வேண்டியது அவரைப் பற்றி அல்ல, உங்கள் ஹாலின் காற்றைப் பற்றி. நம் ஊர் சின்ன மருத்துவமனைகளில் ரிசப்ஷன் ஹாலுக்குச் சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி.தான் இருக்கும். அது வெளிக்காற்றைக் கொண்டு வராது. உள்ளே இருக்கும் காற்றையே குளிர வைத்துத் திருப்பித் தரும். காலை எட்டு மணிக்கு இருமியவரின் காற்று பத்து மணிக்கும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும். கரண்ட் பில்லுக்குப் பயந்து ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிடுவார்கள். ஓ.பி. கூட்டமாக இருக்கும் நேரத்தில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எதிர்ச் சுவரில் ஓர் எக்சாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும். டேபிள் ஃபேன் வைத்திருந்தால் அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று நாளைக்கே கவனியுங்கள். நோயாளி பக்கம் இருந்து உங்கள் முகத்துக்கு அடித்தால் திருப்பி வையுங்கள். உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து நோயாளி பக்கம், அங்கிருந்து வெளியே, இப்படித்தான் காற்று போக வேண்டும். காசு இல்லாத வைத்தியம் இது.

கவுன்ட்டரில் ஒரு பெட்டி சாதாரண மாஸ்க் வைத்துக்கொண்டு, இருமுகிறவருக்கு "இதைப் போட்டுக்கோங்கண்ணே" என்று முதலில் கொடுங்கள். மாஸ்க் அவர் முகத்தில் இருப்பதுதான் உங்களுக்குப் பெரிய காவல். உங்கள் முகத்தில் சாதாரண மாஸ்க் இருந்தாலும் டிபி கிருமியை அது அவ்வளவாகத் தடுக்காது, அதற்கு என்95 வேண்டும். அப்புறம், இருமுகிறவரை வரிசையில் காக்க வைக்காமல் முன்னால் அனுப்பிவிடுங்கள். வரிசையில் நிற்பவர்கள் சண்டைக்கு வருவார்கள்தான். "அவரை இங்கேயே நிக்க வச்சா உங்களுக்கும் ஒட்டிக்கும்" என்று ஒரு தடவை சொன்னால் அவர்களே வழி விடுவார்கள்.

குழந்தைத் திட்டம் இருப்பதால் அம்மையைப் பற்றி இரண்டு வார்த்தை. சின்னம்மை, தட்டம்மை இரண்டும் காற்றிலேயே பரவும். தட்டம்மைக் கிருமி நோயாளி போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அறைக் காற்றில் இருக்கும். ரூபெல்லா என்ற இன்னொரு அம்மை, வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். உங்களுக்குச் சின்னம்மை வந்ததா, தடுப்பூசிகள் போட்டார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். இல்லை என்றால் எம்.எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லாவுக்கானது), சின்னம்மை ஊசிகளைக் கர்ப்பத்துக்கு முன்பே போட்டு, கடைசி ஊசிக்குப் பிறகு ஒரு மாதமாவது இடைவெளி விட வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போது அவற்றைப் போடக் கூடாது. ஹெபடைடிஸ் பி ஊசிக்கு இந்தத் தடை இல்லை. எக்ஸ்ரே அறைக்கு வெளியே உட்காருவதாலேயே ஆபத்து இல்லை, கதவு சாத்தியிருந்தால். உள்ளே ஆள் இல்லை, குழந்தையைக் கொஞ்சம் பிடித்துக்கொள் என்று கூப்பிட்டால் மட்டும் போகாதீர்கள். கர்ப்பம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

இனி விரல். மவுஸ் என்று நினைக்கிறீர்கள். மவுஸாலும் மணிக்கட்டு வளைவாலும் வரும் மரப்பு பெரும்பாலும் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலில் வரும், ராத்திரி எழுப்பிக் கையை உதற வைக்கும். உங்களுக்கு மரத்துப் போவது சுண்டு விரலும் மோதிர விரலும். அந்த நரம்பு முழங்கையின் உள்பக்கம் எலும்பை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே போகிறது. இடித்துக்கொண்டால் ஷாக் அடித்த மாதிரி இருக்குமே, அதே இடம். உங்கள் கவுன்ட்டர் கிரானைட்தானே? முன்னால் குனிந்து, கண்ணாடி ஓட்டையில் காதை வைத்துக்கொண்டு, வலது முழங்கையை அந்தக் கல் விளிம்பில் ஊன்றித்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ராத்திரி போனைக் காதில் வைத்துக் கையை மடக்கியே பேசினாலும் அதே நரம்புதான் இழுபடும். நாளைக்கு ஒரு பழைய டவலை நாலாக மடித்து அந்த விளிம்பில் போடுங்கள். முழங்கையை ஊன்றுவதையே விட்டால் இன்னும் நல்லது. மூன்று வாரத்தில் குறையவில்லை என்றாலோ, சாவி திருப்பும்போது பிடி தளர்ந்தாலோ எலும்பு டாக்டரையோ நரம்பு டாக்டரையோ பாருங்கள். கழுத்திலிருந்தும் இது வரலாம்.

முழங்கையை ஊன்ற வேண்டி வருவதே மேசையின் குற்றம். நின்றபடி பேசும் நோயாளியின் வசதிக்குக் கட்டிய உயரம் அது. அதற்கு ஈடுகட்ட உங்களை உயரமான சுழல் நாற்காலியில் ஏற்றி வைப்பார்கள். கால் தரையைத் தொடாமல் தொங்கும், சாயங்காலம் செருப்பு இறுக்கும். காலுக்கு ஒரு மரப்பெட்டி போதும். பழைய ஏ4 தாள் கட்டுகள் இரண்டை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். கீபோர்டு, முழங்கை மடங்கும் உயரத்தில் இருக்க வேண்டும், திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது அடி தள்ளி எதையாவது இருபது விநாடி பாருங்கள். ஹாலின் கடைசியில் ஒரு கடிகாரம் இருக்குமே, அது போதும்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனாலும் நான் கேட்கிறேன். மாற்றி விட ஆள் வரும் வரை எழ முடியாது என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் கவுன்ட்டர் பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். எரிச்சல், சிறுநீர்த் தொற்று என்று வந்து நிற்பார்கள். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே இருந்த பெண்களுக்காக உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு 2021-ல் சட்டமாக்கியது. உங்களுக்குத் தேவை எழுந்து போகும் உரிமை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம், யார் மாற்றி உட்காருவது என்று பெயரோடு ட்யூட்டி சார்ட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத மாற்று ஆள் என்றைக்கும் வர மாட்டார்.

கண்ணாடியை உடைத்த அந்தத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். எதற்கு உடைத்தார் என்று நீங்கள் சொல்லவில்லை. பில்லாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். டாக்டர் சொன்ன தொகை ஒன்று, டிஸ்சார்ஜ் அன்று வரும் தொகை வேறு. இரண்டையும் தீர்மானித்தவர்கள் மாடியில் இருக்கிறார்கள். அதை வாயால் சொல்பவர் நீங்கள், ஆகவே அடியும் அங்கேதான் விழுகிறது. மரணம் நடந்த அன்று இது இன்னும் மோசம். பில் பாக்கிக்காக உடலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. அதைப் பின்பற்றாத நிர்வாகம், 28 வயதுப் பெண்ணைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டுப் பாதுகாப்பு பற்றிப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

நீங்கள் கேட்க வேண்டியவை இவை. அட்மிஷனான நோயாளியின் வீட்டாருக்குத் தினமும் அன்றைய தொகையைச் சொல்லிவிட வேண்டும். மரணம் நடந்த பில்லைப் பற்றிக் கவுன்ட்டரில் பேசக் கூடாது, தனி அறையில் ஒரு சீனியர் பேச வேண்டும். உங்கள் முதுகுக்குப் பின்னால் பூட்டாத ஒரு கதவு வேண்டும். ஒரே வழி கூட்டம் நிற்கும் பக்கம் என்றால் அது கவுன்ட்டர் இல்லை, கூண்டு. மேசைக்கு அடியில் ஒரு அழைப்பு மணி வேண்டும். குரல் உயர்ந்தால் வாதாடாதீர்கள். "நான் மேனேஜரைக் கூட்டிட்டு வர்றேண்ணே" என்று எழுந்து போய்விடுங்கள், திரும்பி வர வேண்டாம். கேமரா பதிவை அன்றே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பல இடங்களில் சில வாரத்தில் தானாக அழிந்துவிடும். தமிழ்நாட்டில் மருத்துவமனை வன்முறைக்கு என்றே 2008-ல் ஒரு சட்டம் வந்தது. அதில் கைதானால் ஜாமீன் எளிதில் கிடைக்காது, உடைத்த பொருளுக்கும் நஷ்டஈடு கட்ட வேண்டும். போலீஸில் புகார் கொடுக்க வேண்டியது மருத்துவமனை. உங்களைத் தனியாக ஸ்டேஷனுக்கு அனுப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆபாசப் பேச்சு, கையைப் பிடிப்பது, போன் நம்பர் கேட்டு நச்சரிப்பது என்று வந்தால் அது 2013-ஆம் வருடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்குள் வரும். செய்தவர் ஊழியராக இருக்க வேண்டும் என்பதில்லை, வேலை இடத்துக்கு வந்து போகிறவர்களிடமிருந்தும் உங்களைக் காப்பது முதலாளியின் கடமை. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

வேலையை விடலாமா என்று கேட்டீர்கள். இந்தக் காரணங்களுக்காக வேண்டாம் என்பேன். பக்கத்து மருத்துவமனைக் கவுன்ட்டரும் இதே கிரானைட்தான். அங்கே ஆறு வருட அனுபவம் இருக்காது. இங்கே கேட்டுப் பாருங்கள். தடுப்பூசியை எழுத்தில் மறுத்தால் அப்போது வேறு வேலை தேடலாம்.

சம்பள ரசீதைப் பாருங்கள். உங்கள் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் நீங்கள் இ.எஸ்.ஐ. என்ற ஊழியர் காப்பீட்டு வரம்புக்குள் வருகிறீர்கள். 14,500-க்கு 0.75 சதவீதம் என்றால் மாதம் 109 ரூபாய் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தால் ஊசி குத்தியது வேலையில் ஏற்பட்ட காயக் கணக்கில் வரும். அதற்கு முதல் படி, விபத்துப் பதிவேட்டில் அது ஏறுவது. ஏழு வாரம் கழித்தும் எழுதலாம், எழுதாமல் விடுவதுதான் சிக்கல். பிடிக்கவே இல்லை என்றால் அது வேறு ஒரு கேள்வி, அதையும் கேளுங்கள்.

கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் இப்படி எழுதுங்கள், நீட்ட வேண்டாம்:

"இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு, பில்லிங் கவுன்ட்டரில், இந்த எண் டிஸ்சார்ஜ் ஃபைலைப் பிரித்தபோது உள்ளே இருந்த ஊசி என் ஆள்காட்டி விரலில் குத்தியது. இதை விபத்துப் பதிவேட்டில் பதிந்து, பரிசோதனைகளும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் எனக்கு ஏற்பாடு செய்து தர வேண்டுகிறேன். ரிசப்ஷன், பில்லிங், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் ஊழியர்கள் அனைவரையும் தடுப்பூசி, பயிற்சிப் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன். ஃபைலில் ஊசி இல்லை என்று பார்த்த பிறகே வார்டிலிருந்து அனுப்ப வேண்டுகிறேன்."

மூன்று பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எச்.ஆருக்கு ஒன்று, தொற்றுக் கட்டுப்பாட்டு டாக்டருக்கு ஒன்று. பெரும்பாலும் இரண்டாமவரிடமிருந்துதான் முதலில் பதில் வரும்.

தூக்கம் இல்லை என்றீர்களே, முதல் முடிவு கைக்கு வந்தால் பாதி சரியாகிவிடும். அதற்கு முன்பே ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை.

ஒன்று மறந்துவிட்டேன். அந்த ஃபைல் வந்த வார்டில் ஸ்டேப்ளர் இருக்கிறதா என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேளுங்கள். இல்லை என்றால் ஸ்டோரில் ஒன்று இண்டென்ட் போடச் சொல்லுங்கள், பின் பெட்டியோடு சேர்த்து.